காமாலைதான் என்று சொன்னேன்

பக்கத்து வீட்டு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால், பக்கத்தில் எது இருந்தாலும் கை அதற்குள் போய்விடும். முறத்தில் அரிசி இருந்தால் கல்லைத் தேடும். கூடையில் கத்தரிக்காய் இருந்தால் சொத்தையைத் தேடும். ஒருமுறை என் பாப்பாவின் துணிக் கூடை கிடைத்தது, பொத்தான் போன சட்டைகள் தனியாக வந்துவிட்டன. பேச்சு ஒரு பக்கம் ஓடும். கை தன் பாட்டுக்கு ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைக்கும். கிளம்பும்போது அந்தச் சின்னக் குவியலைக் காட்டி, "இதக் கழிச்சிடு புள்ள" என்பார். கழிக்காமல் வைத்துக்கொண்டால் இரண்டு நாளில் ஏன் என்று நமக்கே தெரிந்துவிடும்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில், டவுனைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் தள்ளி நாங்கள் அப்போது வாடகைக்கு இருந்தோம். என் கணவருக்கு ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. பஸ்ஸில் போய் வரவே மூன்று மணி நேரம் ஆகும். விலங்கியல் பட்டத்தை டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு, ஒன்றரை வயதுப் பாப்பாவோடு நான் வீட்டில் இருந்தேன். அடுத்த வீடு அவருடையது. நாற்பத்தைந்து வயது இருக்கும். அக்கா என்று கூப்பிட்டேன். அதனால் அவர் கணவர் எனக்கு மாமா ஆனார். எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் ஓட்டுபவர், அதிகம் பேசமாட்டார், என்னையும் பாப்பா என்றே கூப்பிடுவார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

அக்காவின் தொழிலே பொறுக்குவதுதான். எங்கள் பக்கத்தில் சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைப்பார்கள். தரையிலிருந்து உயர்த்தி, காற்றுப் புகும்படி சுற்றிலும் படல் கட்டி, மேலே ஓலை வேய்ந்த நீளமான குவியல் அது. விலை ஏறும்வரை மாதக்கணக்கில் நிற்கும். உள்ளே ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து அழுகும். அந்தச் சந்தேகம் வந்தால் அக்காவைக் கூப்பிடுவார்கள். ஒருநாள் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். அக்கா படலில் மூக்கை ஒட்டினாற்போல வைத்து நடந்துகொண்டே போய் ஓரிடத்தில் நின்றார்.

"இங்க பிரிங்க."

பட்டறைக்காரருக்கு நம்பிக்கை இல்லை. "அங்க நேத்துதான் பாத்தேன். ஒண்ணும் இல்ல. ஓம் மூக்கு என்ன போலீஸ் நாய் மூக்கா?"

"நாயா இருந்தா சோறாவது வெப்பீங்க. நான் வந்து ஒரு மணி நேரம் ஆவுது, ஒரு டீத்தண்ணியக் காணும்."

பிரித்தார்கள். ஒரு முழம் உள்ளே, உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துப்போய்ச் சாறு ஒழுகிக்கொண்டிருந்தது. அக்கா அதை அள்ளி வெளியே போட்டுவிட்டு, சுற்றிலும் நன்றாக இருந்த வெங்காயத்திலும் இரண்டு கை அள்ளிப் போட்டார். பட்டறைக்காரர் பதறினார். "அது நல்லாத்தான இருக்கு!"

"இன்னிக்கு நல்லாருக்கு" என்றார் அக்கா. டீ வந்தது.

எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் உண்டு. பாப்பாவுக்குச் சளி பிடித்தால் மாமியார் ஒன்று சொல்வார், அம்மா போனில் வேறு சொல்வாள், டாக்டர் எழுதிய சீட்டு மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும். நான் யார் சொன்னதையும் விடாமல் வாங்கி வைத்துவிட்டு, எதைக் கொடுப்பது என்று அழுதுகொண்டிருப்பேன். ஒருமுறை மேசைமேல் ஒன்பது பாட்டில்கள் இருந்தன. அக்கா வந்தார், பார்த்தார், டாக்டர் எழுதிய இரண்டை மட்டும் முன்னால் இழுத்து வைத்தார். "மத்தத ஒளிச்சு வைக்காத, கொட்டிடு. வெச்சிருந்தீன்னா நாளைக்கு மறுபடி யோசிப்ப." கொட்டினேன். பாப்பாவுக்குச் சரியானது. அன்று முதல் என் கவலைகளை அவரிடம் கொண்டுபோய்க் கொட்டிப் பொறுக்கச் சொல்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

ஆனால் அந்தக் கை மனிதர்களிடமும் போகும் என்று தெரிந்தபோது கொஞ்சம் பயம் வந்தது. சொந்தத் தம்பியோடு அவருக்குப் பன்னிரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. ஏன் என்று கேட்டேன். "ஒரு பொய் சொன்னான். கழிச்சாச்சு" என்றார். என்ன பொய் என்று சொல்லவில்லை. தம்பி ஒருநாள் தெரு முனை வரைக்கும் வந்து நின்றுவிட்டுப் போனான். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

நாங்கள் அங்கே குடிவருவதற்கு முன்பே அவருக்கு இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்து, திருச்சியில் அறுவை சிகிச்சை செய்து எடுத்திருந்தார்கள். பிறகு ஊசியும் போட்டிருந்தார்கள். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமைகூட இருக்கும். "குளிக்கறப்ப கை பட்டுச்சு. இது ஆவாதுன்னு எனக்கே தெரிஞ்சிடுச்சு. டாக்டரு யோசிச்சாரு, நான் யோசிக்கல. எடுத்து வீசுங்கன்னுட்டேன்."

அவர் கண் மஞ்சளாக இருப்பதை முதலில் பார்த்தது நான்தான். மாசி வெயிலில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. வெயில் பட்டு அப்படித் தெரிந்ததோ என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மாமாவிடம் சொன்னேன். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு திருச்சிக்குப் போனார்கள். பாப்பா மடியில்.

ஸ்கேன் முடிந்து அக்கா வெளியே பெஞ்சில் இருக்க, டாக்டர் எங்கள் இருவரை மட்டும் கூப்பிட்டார். "பழைய நோய்தான். ஈரல்ல நாலஞ்சு இடத்துல பரவியிருக்கு. ஆபரேஷன் பண்ணி எடுக்கற நிலைமை இல்ல. முழுசா குணமாக்கறதும் முடியாது. ஊசி மருந்து போட்டா கட்டிங்க சுருங்கும், நாள் கிடைக்கும். ஆனா தள்ளிப் போடாதீங்க. மஞ்சள் இப்பக் கொஞ்சம்தான் ஏறியிருக்கு. ரொம்ப ஏறிட்டா அந்த மருந்த ஈரல் தாங்காது. அடுத்த வியாழக்கிழமை வந்துடுங்க. அதுவரைக்கும் இந்த மாத்திரைங்க." எழுதிக் கொடுத்துவிட்டு, அவரிடம் நாங்களே பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும் என்றார்.

அறையை விட்டு வெளியே வருவதற்குள் மாமா என் கையைப் பிடிக்காத குறையாக நின்றார். "பாப்பா, அவகிட்டச் சொல்லிடாத. பட்டறையில ஒரு எடத்துல அழுகுனா பொறுக்கி எடுப்பா. நாலு எடத்துல அழுகிடுச்சுன்னா என்ன சொல்லுவா தெரியுமா? பிரிச்சு, வந்த வெலைக்குத் தள்ளிடுங்கம்பா. தன்னையும் அப்படித்தான் சொல்லுவா. ஊசியே வேணாம்னுடுவா. காமாலைன்னு சொல்லு. ஊசி, பழசு திரும்பாம இருக்கறதுக்குன்னு சொல்லு."

அது சரியா தப்பா என்று யோசிக்க எனக்கு ஒரு நாள் வேண்டும். பெஞ்சுக்கு நடக்க இருபது அடிதான் இருந்தது. அக்கா மாமாவைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். "நீ படிச்ச புள்ள. நீ சொல்லு, என்னவாம்?"

"காமாலைதான்க்கா" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "அவ்வளவுதான?" என்று சொல்லிப் பாப்பாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

அடுத்த வியாழக்கிழமை பாப்பாவுக்குக் காய்ச்சல். நூற்றி மூன்று. நான் ஈரத்துணியும் கையுமாக இருந்தேன். அக்கா திருச்சிக்குப் போனாரா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. இதை எழுதும்போதும் கை தயங்குகிறது. தோன்றவில்லையா, தோன்றியும் விட்டுவிட்டேனா? நடுவில் ஒருநாள் ரசம் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனபோது சன்னல் விளிம்பில் அந்த மாத்திரை அட்டைகள் ஓரமாக அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. தட்டில் வெறும் கஞ்சி இருந்தது. ரசத்தில் உப்பு இருக்கிறதே என்று அவர் திருப்பிக் கொடுத்தார். பாப்பா அழுதாள், வந்துவிட்டேன்.

காய்ச்சல் விட்ட பிறகு, இரண்டாவது வியாழக்கிழமை காலையில், மாமா டிராக்டரைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக் கேட்டேன்.

"இன்னிக்குத் திருச்சி போகலையா மாமா?"

"பத்தியத்துல இருக்கா. மூணு நாள் பச்சில மருந்து, இருவத்தொரு நாள் உப்பில்லாப் பத்தியம். இங்கிலீஷ் மாத்திரை சேரக்கூடாதாம். தடுப்பு ஊசி எங்க ஓடிப் போவுது, மொதல்ல காமாலை எறங்கட்டுங்கறா."

எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும், காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கிடையாது, பச்சிலைதான் என்று. காமாலை என்ற ஒரு சொல்லைக் கையில் கொடுத்தால் அதைத் தொடர்ந்து இத்தனையும் வரும் என்று, அந்த இருபது அடியில் எனக்குத் தோன்றவே இல்லை.

"நீங்க சொல்லக் கூடாதா மாமா, ஊசிதான் முக்கியம்னு?"

"நானே காமாலைன்னுட்டு, காமாலை மருந்தத் திங்காதன்னு எப்படிச் சொல்றது பாப்பா?" என்றார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அவர் கண் கலங்கியிருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அக்கா பின்கட்டில் சாக்கை விரித்து வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தார். கண் மட்டும் இல்லை, இப்போது உள்ளங்கையும் மஞ்சளாக இருந்தது. நான் பாப்பாவை இறக்கிவிடாமல் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று எனக்கே தெரியும்.

"அக்கா, அது காமாலை இல்ல."

கை ஓடிக்கொண்டிருந்தது. "பின்ன?"

"பழையதுதான். ஈரலுக்குப் போயிருக்கு. மஞ்சள் அதனால வந்தது. ஊசி அதுக்குத்தான். இன்னும் மஞ்சள் ஏறிட்டா ஊசி போட முடியாதுன்னாரு."

"நீதான காமாலைன்ன?"

"பொய் சொன்னேன்க்கா."

கை நின்றது. நான் அவர் தம்பியை நினைத்துக்கொண்டேன். தெரு முனையில் அவன் நின்ற நிலையை.

"எத்தன எடத்துல?" என்றார்.

"நாலஞ்சு எடத்துல."

"பெருசா?"

"ஒண்ணு எலுமிச்சம்பழம் அளவு. மத்தது சின்னது."

"ஊசி போட்டாப் போயிடுமா?"

"போகாது. சுருங்கும்னாரு. நாள் கிடைக்கும்னாரு. எத்தன நாள்னு சொல்லல. ஒரு வருஷம் இருக்கலாம். கூடவும் இருக்கலாம், கொறயவும் இருக்கலாம்."

"ஒங்க மாமாவுக்குத் தெரியுமா?"

"அவருதான் சொல்ல வேணாம்னாரு. பட்டறையப் பிரிச்சுத் தள்ளச் சொல்ற மாதிரி ஊசி வேணாம்னுடுவீங்கன்னு பயந்தாரு."

அக்கா சிரித்துவிட்டார். அது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். "கிறுக்கு மனுசன். வெங்காயம் என்னிக்காச்சும் என்கிட்ட, இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டுப் போறேன்னு கேட்டிருக்கா? நான் கேப்பேன்ல?" எழுந்து கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். உள்ளே போய்ச் சன்னலில் இருந்த அட்டைகளை எடுத்து வந்தார். "எது காலைக்கு, எது ராத்திரிக்கு?"

சொன்னேன். ஒன்றை என் எதிரிலேயே விழுங்கினார். பிறகு, "எனக்குத் தெரியும்னு அவருகிட்டச் சொல்லாத" என்றார்.

"ஏன்க்கா?"

"சொல்லாதன்னா சொல்லாத."

மறுநாள் முழுவதும் என் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், வருவாரா மாட்டாரா என்று. சாயங்காலம் வந்தார். உட்கார்ந்தார். கை பீன்ஸ் கூடைக்குள் போனது. நாரை உரித்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார்: "இன்னொரு தடவ ஒண்ண எடுத்து ஒளிச்சு வெச்சிட்டு, மிச்சத்த மட்டும் என்கிட்ட நீட்டாத. பொறுக்கறது என் வேல."

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் நான்தான் அவரோடு உள்ளே போனேன். மாமா டீக்கடைப் பக்கம் நின்றுவிடுவார். பத்தியம் போதும், ஊசியைப் போட்டுக்கறேன் என்று மட்டும் அக்கா அவரிடம் சொல்லியிருந்தார். முதல் நாள் ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டருக்குக் கோபம் வந்தது. "ரெண்டு வாரம் எங்க போனீங்க?" மஞ்சள் ஏறியிருந்தது. முழு அளவு கொடுக்க முடியாது என்று பாதி அளவில், வாரம் ஒருமுறையாகத் தொடங்கினார். மஞ்சள் இறங்கிய பிறகுதான் முழு அளவு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை. அந்த இரண்டு வாரத்தால் என்ன நஷ்டம் என்று அவரிடம் தனியாகக் கேட்டேன். "அத யாராலும் சொல்ல முடியாதும்மா" என்றார். சொல்ல முடிந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். எவ்வளவு பெரிய தப்பாக இருந்தாலும் அளவு தெரிந்திருக்கும்.

மருந்து வேலை செய்தது. மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேனில் எலுமிச்சம்பழம் பாதியாகியிருந்தது. முடி கொட்டியது. தெருவில் ஒரு பெண், "எந்தக் கோயில்ல முடி எறக்குன? சிறுவாச்சூரா?" என்று கேட்டாள். "திருச்சியில. அந்தச் சாமிக்கு மூணு வாரத்துக்கு ஒருக்காப் பூச" என்றார் அக்கா. மறுபடி பட்டறைக்குப் போனார். வாந்தி வரும் நாட்களில் மூக்கு வேலை செய்யவில்லை என்று எரிச்சல்படுவார்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. மாமா என்னைத் தனியாகப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்: "பாத்தியா பாப்பா, தெரியாததாலதான் தெம்பா இருக்கா. அன்னிக்கு நாம சொல்லாம இருந்தது நல்லதாப் போச்சு." வீட்டுக்குள்ளே அக்காவிடம், "காமாலை நல்லா எறங்கிடுச்சு, மொகம் தெளிஞ்சிருக்கு" என்பார். அக்கா, "ஆமாங்க, பசி எடுக்குது" என்பார். இரண்டுக்கும் நடுவில் நான் தலையாட்டிக்கொண்டு நிற்பேன். முதலில் ஒரு பொய்தான் இருந்தது. அதைச் சரிசெய்யப் போய் அது இரண்டாகிவிட்டது. அக்காவிடம் ஒருமுறை கெஞ்சினேன். "உங்களுக்குப் பொய்யே ஆகாதேக்கா. இத மட்டும் ஏன் வெச்சிருக்கீங்க?" அவர் என் கையிலிருந்த முறத்தை வாங்கிக்கொண்டார்.

ஒரு வருடத்துக்கு மேல் அப்படிப் போனது. பிறகு கட்டிகள் வளர்ந்தன. வேறு மருந்து மாற்றினார்கள். அது பிடிக்கவில்லை. வயிற்றில் நீர் கோத்தது. கடைசியாகப் போனபோது டாக்டர் என்னைப் பார்த்து இங்கிலீஷில் தொடங்கினார். அக்கா குறுக்கே, "என்னப் பாத்துத் தமிழ்ல சொல்லுங்க சார்" என்றார். அவர் நாற்காலியை அக்கா பக்கம் நகர்த்திக்கொண்டார். "இனிமே ஊசி போட்டா நோயைவிட ஊசிதாம்மா உங்களச் சாய்ச்சிடும். நிறுத்திக்கலாம். வலிக்கு நல்ல மாத்திரை தர்றேன். வலியப் பொறுத்துக்காதீங்க, சொல்லுங்க."

மாமாவுக்கு அன்று கரும்பு லோடு இருந்தது. நாங்கள் இருவரும் பாப்பாவும் மட்டும் பஸ்ஸில் திரும்பினோம். சிறுவாச்சூர் தாண்டும்போது அக்கா என் பக்கம் திரும்பினார். பிறகு, "வூட்டுக்குப் போனதும் அவருகிட்ட நீ சொல்லிடு. எனக்குச் சொன்னியே, அதே மாதிரி நின்னுக்கிட்டே சொல்லிடு" என்றார்.

"நீங்களே சொல்லலாமேக்கா."

"நான் சொன்னா எனக்கு ஆறுதல் சொல்ல வந்துடுவாரு. நீ சொன்னாத்தான் அவரு அழ முடியும்."

மாமா வீட்டில் இருந்தார். கை கால் கழுவிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, எப்போதும் கேட்பதைக் கேட்டார். "காமாலை எப்படி இருக்காம் பாப்பா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார்.

"மாமா, இனிமே ஊசி கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. ஈரல்ல ரொம்ப வளந்துடுச்சு. மருந்து கேக்கல."

அவர் பதறி, அக்கா பக்கம் கையைக் காட்டி என்னை அடக்கப் பார்த்தார். அவள் எதிரில் சொல்லாதே என்பது போல. அக்கா சொன்னார்: "எனக்குத் தெரியுங்க."

"என்ன தெரியும்?"

"எல்லாம். மொத ஊசி போடறதுக்கு முன்னாடியே இந்தப் புள்ள சொல்லிடுச்சு."

மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது கோபமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பிறகு அக்காவிடம், "அப்ப இத்தன நாளு நான் காமாலை காமாலைன்னப்ப?" என்றார்.

"நீங்க அதச் சொல்றப்ப ஒங்களுக்கு ஒரு தெம்பு இருந்துச்சு. அத எடுத்து வீச எனக்குக் கை வரல" என்றார் அக்கா.

மாமா படியில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை பாப்பா என்றே என்னைக் கூப்பிட்டவர், "நீங்க போயிட்டு வாங்கம்மா" என்றார். நான் என் பெண்ணைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அவள் ஒரு செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தாள். அதைத் தேடிக் குனிந்தபோதுதான் மாமாவின் குரல் காதில் விழுந்தது. காமாலை வலிக்காது என்பதால் ஒன்றரை வருடமாக அவர் கேட்காமலே இருந்த கேள்வி.

"வலிக்குதா?"

அக்கா படியில் அவருக்குப் பக்கத்தில் மெதுவாக உட்காரும் சத்தம் கேட்டது.

"ஆமாங்க" என்றார். "ரொம்ப வலிக்குது."